யூத இசைப்பதிவுகளின் விற்பனை: ஒரு சிறு சந்தையின் வரலாறு

யூத வழிபாட்டுப் பாடல்களும் யித்திஷ் நாடகப் பாட்டுகளும் அடங்கிய இசைப்பதிவுகள் இன்று இணையத்தின் வழியே உலகெங்கும் விற்கப்படுகின்றன. சிதறி வாழும் சிறு தொகையினருக்கு, பெருங்கடைகள் வாங்கி வைக்காத சரக்கை, பட்டியல் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பும் முறை இவ்வணிகத்தில் ஏற்கெனவே பழகிப்போயிருந்ததால், இணையம் இங்கே புதுவழி திறந்ததைவிடப் பழைய வழியை விரைவாக்கியது என்பதே பொருத்தமாகும். யித்திஷ் என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய, ஜெர்மானிய அடித்தளம் உடைய, எபிரேய எழுத்தில் எழுதப்படும் மொழி. 1880-களிலிருந்து 1924 வரை அமெரிக்காவில் குடியேறிய ஏறத்தாழ இருபது லட்சம் கிழக்கு ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலோரின் வீட்டு மொழி அதுவே. அவர்களுக்கு கிராமபோன் பெட்டியை விற்க வேண்டுமானால் அவர்கள் கேட்க விரும்பும் பாட்டும் கடையில் இருந்தாக வேண்டும் என்பதைக் கொலம்பியா, விக்டர் ஆகிய நிறுவனங்கள் விரைவிலேயே உணர்ந்து, குடியேறியோரின் மொழிகளுக்கெனத் தனி வரிசைகளில் இசைத்தட்டுகளை வெளியிட்டன.  

தொடக்ககால விற்பனையில் முன்னின்றவர்கள் ஹஸான்கள், அதாவது தொழுகைக்கூடத்தில் வழிபாட்டை இசையோடு நடத்தும் தலைமைப் பாடகர்கள். வார்சாவின் கெர்ஷோன் சிரோட்டா 20-ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலேயே ஒலிப்பதிவு செய்தார். இறைவனை முன்னிறுத்திப் பாட வேண்டிய வேண்டுதல் மதுக்கடையிலும் ஒலிக்கக்கூடிய விற்பனைப் பொருளாகிவிடுவதை ஒடெசாவின் ஹஸானான பின்காஸ் மின்கோவ்ஸ்கி கடுமையாக எதிர்த்தார். எனினும் எதிர்ப்பை மீறித் தேவை வளர்ந்தது. 1912-இல் நியூயார்க் வந்த யோசெலே ரோசன்பிளாட்டின் குரல் இசைத்தட்டுகளின் வழியே அத்தனை புகழ்பெற்றிருந்ததால், 1918-இல் சிகாகோ ஆப்பரா குழு அவரை மேடைக்கு அழைத்தது. சமய நெறி கருதி அவர் மறுத்துவிட்டார். அப்படி மறுத்தவரே, பண முதலீடு செய்த செய்தித்தாள் ஒன்று நொடித்துக் கடனாளியாகி, பின்னர் கேளிக்கை அரங்குகளில் பாட நேர்ந்தது என்பது இத்தொழிலின் பொருளாதாரம் எத்தகையது என்பதற்குச் சான்று.

1924-இன் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் புதிய வாடிக்கையாளரின் வருகையைப் பெரிதும் சுருக்கியது. 1929-க்குப் பிந்தைய பொருளாதார வீழ்ச்சி இருந்தவர்களின் வாங்கும் திறனையும் குறைத்தது. பெருநிறுவனங்கள் பின்வாங்கிய இடத்தில் புத்தகக் கடைக்காரர்களும் சிறு முதலாளிகளும் நுழைந்தனர். இவர்களுள் மிகக் கொடிய சூழலில் தொழில் நடத்தியவர் பெர்லினின் ஹிர்ஷ் லெவின். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் நெருங்கி வாழ்ந்த கிரெனாடியர் தெருவில் எபிரேயப் புத்தகக் கடை வைத்திருந்த அவர், தம் இசைத்தட்டுகளுக்கு 'செமெர்' என்று பெயரிட்டிருந்தார். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்து யூதக் கலைஞர்களைப் பொது மேடைகளிலிருந்து விலக்கியதும், யூதர்களுக்காக யூதர்கள் மட்டுமே நிகழ்த்தலாம் என்ற அளவில் ஒரு கலாசாரச் சங்கம் அனுமதிக்கப்பட்டது. வேலையிழந்த ஆப்பரா பாடகர்களும் கேளிக்கை விடுதிக் கலைஞர்களும் லெவினின் ஒலிப்பதிவுக்கு வந்து, வழிபாட்டுப் பாடல், யித்திஷ் நாட்டுப்பாட்டு, பாலஸ்தீனக் குடியேறிகளின் எபிரேயப் பாட்டு எனப் பலவகையும் பாடினர். 1938 நவம்பர் 9-ஆம் நாள் இரவில், யூதர்களின் கடைகளும் தொழுகைக்கூடங்களும் நாடு முழுவதும் தாக்கப்பட்டபோது, லெவினின் கடையில் இருந்த சுமார் 4,500 இசைத்தட்டுகளும் அவற்றை வார்ப்பதற்குரிய 250 உலோக மூல அச்சுகளும் அழிக்கப்பட்டன.

மூல அச்சு அழிந்தால் பதிவே அழிந்தது என்று கொள்வதுதான் வழக்கம். ஆனால் அதற்கு முன்பே விற்கப்பட்ட படிகள், வாங்கியவர்களோடு பல நாடுகளுக்குப் பெயர்ந்திருந்தன. பிற்காலத்தில் சேகரிப்பாளர்களும் ஆய்வாளர்களும் அவற்றைப் பல நாடுகளில் தேடித் திரட்டியதன் பயனாக, 2001-இல் பேர் ஃபேமிலி என்னும் ஜெர்மானிய மறுவெளியீட்டு நிறுவனம் 11 குறுந்தட்டுகள் அடங்கிய பெரும் தொகுப்பாக அவ்விசையை வெளியிட்டது. இதில் காப்பகத்தின் பணியைச் செய்தது கிடங்கு அன்று, விற்பனை. சிறு சந்தை இசையின் வரலாற்றில் வணிகரின் இடத்தை மதிப்பிடுவோர் இதைப் போதிய அளவு கருதுவதில்லை.

இதே உண்மையை வேறு வழியில் கொள்கையாக்கியவர் மோசஸ் ஆஷ். யித்திஷ் எழுத்தாளர் ஷோலெம் ஆஷின் மகனாக 1905-இல் வார்சாவில் பிறந்த அவர், நியூயார்க்கில் ஒலிப்பொறியாளராகத் தொழில் தொடங்கி, யூதப் பாடல் பதிவுகளின் வழியே இசைத்தட்டு வணிகத்தில் கால்பதித்து, 1948-இல் ஃபோக்வேஸ் நிறுவனத்தை நிறுவினார். அவர் வெளியிட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகளில் பல, ஆண்டுக்குச் சில படிகளே விலைபோயின. இருந்தும் எதையும் பட்டியலிலிருந்து நீக்க அவர் இசையவில்லை. சிறிது சிறிதாக அச்சிட்டு, விளக்கக் குறிப்பேட்டை உள்ளே செருகி, கேட்டவருக்கு அனுப்பினார். அவர் 1986-இல் மறைந்தபின் 1987-இல் இந்நிறுவனத்தை ஏற்ற ஸ்மித்சோனியன் அமைப்பு, எல்லாத் தலைப்புகளும் என்றும் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தே ஏற்றது. ஒருவர் கேட்டால் அவருக்காக ஒரு படியை உருவாக்கித் தரும் முறை அங்கே வேரூன்றியதும், பின்னர் பதிவிறக்க விற்பனை எளிதாகக் கைகூடியதும் இக்கொள்கையின் விளைவுகள்.

ஆசாரமான யூதர்களின் சந்தையோ தனித்தே வளர்ந்தது. ஹசிதியம் என்பது பாட்டையும் ஆனந்தத்தையும் வழிபாட்டின் நடுவில் வைக்கும் பக்தி இயக்கம்; அதன் குழுக்கள் ஒவ்வொன்றுக்கும் சொந்த மெட்டுகள் உண்டு. போலந்தின் மோட்ஸிட்ஸ் குழுவினரின் மெட்டுகளை பென் சியோன் ஷெங்கர் 1950-களில் புரூக்ளினில் பதிவு செய்தார். 1959-இல் ஷ்லோமோ கார்லெபாக்கின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதே காலத்தில் டேவிட் வெர்டைகர் கெர் குழுவின் மெட்டுகளைப் பதிவு செய்யத் தொடங்கினார். இவை பெரும்பாலும் வழிபாட்டு நூல்களும் தொழுகைச் சால்வைகளும் விற்கும் கடைகளிலேயே விலைபோயின. விற்பனையை வகுத்தது சமய நாட்காட்டி. பாஸ்கா பண்டிகைக்கும் ஷவுவோத் பண்டிகைக்கும் இடைப்பட்ட 49 நாட்களில் பெரும்பகுதியிலும், ஆலய அழிவை நினைந்து துயர் காக்கும் கோடைகால மூன்று வாரங்களிலும் வாத்திய இசையை விலக்கும் வழக்கம் இருப்பதால், வாய்ப்பாட்டு மட்டுமே கொண்ட தொகுப்புகள் அப்பருவங்களுக்கென்றே தயாராகின்றன. பெண்கள் பாடியவை 'பெண்களுக்கு மட்டும்' என்ற குறிப்போடு விற்கப்படுவதும் உண்டு.

திருமண விழாக்களில் கிளாரினெட்டும் வயலினும் முழங்க வாசிக்கப்படும் கிளெஸ்மர் இசையின் மறுமலர்ச்சி 1970-களின் பிற்பகுதியில் தோன்றியபோது, இளம் வாசிப்பாளர்களுக்கு முதன்மை ஆசிரியர்களாக அமைந்தவை நஃப்துலே பிராண்ட்வைன், டேவ் டாரஸ் போன்றோரின் பழைய இசைத்தட்டுகளே. ஹென்றி சபோஸ்னிக் தொகுத்த மறுவெளியீடு 1981-இல் ஃபோக்வேஸ் வழியே வந்தது என்பது இங்கே நினைக்கத்தக்கது. சந்தை இன்னும் சிறிதாகும்போது பல்கலைக்கழகமே வெளியீட்டாளராகிறது: கேரள யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிய 42 பாடல்களை 2004-இல் குறுந்தட்டாக்கியது ஜெருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகம்.

தனிக் கலைஞர்களின் குறுந்தட்டுகளை ஏற்று விற்ற சிடி பேபி 1998-இலும், ஐடியூன்ஸ் அங்காடி 2003-இலும் தொடங்கியபின், மெல்போர்னிலோ புவனோஸ் ஐரிஸிலோ இருப்பவர் புரூக்ளின் கடைக்காரரைத் தேடி வர வேண்டிய தேவை குறைந்தது. ஒரே எபிரேயப் பெயர் ரோமன் எழுத்தில் பலவாறு எழுதப்படுவதால் தேடுவோருக்குக் கிடைக்காமற்போவது, ஓய்வுநாளில் ஆசாரமான வணிகர்கள் இணையக் கடையையும் பூட்டுவது போன்ற சிக்கல்கள் இத்துறைக்கே உரியவை. படியெடுப்பது யூதச் சமயச் சட்டப்படி தவறு என்ற எச்சரிக்கை உறைகளில் அச்சிடப்பட்டது. இணையத்தின் தீங்குகளை எதிர்த்து 2012 மே மாதத்தில் நியூயார்க்கின் சிட்டி ஃபீல்ட் மைதானத்தில் பல்லாயிரம் ஆசார யூதர்கள் கூடினர்; இச்சந்தையின் முதன்மை வாடிக்கையாளர் பலர் அவர்களிடையே இருந்ததால், இணைய இணைப்பில்லாக் கருவிகளில் பாடல்களை ஏற்றித் தரும் விற்பனை இன்றும் தொடர்கிறது.

பழைய பதிவுகளைப் பொறுத்தவரை தடையாக நின்றது சட்டம். அமெரிக்காவில் 1972 பிப்ரவரி 15-க்கு முன் பதிவானவை மாநிலச் சட்டங்களின் கீழ் 2067 வரை பதிப்புரிமை பெற்றிருந்தமையால், புளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகமும் டார்ட்மத் கல்லூரியும் தாங்கள் எண்ணிம வடிவாக்கிய யூத இசைப்பதிவுகள் பலவற்றை ஆய்வாளருக்கு மட்டுமே முழுமையாகத் திறந்துவைக்க முடிந்தது. 2018-இல் நிறைவேறிய சட்டம் இந்நிலையை மாற்றியது: 1923-க்கு முற்பட்ட பதிவுகள் அனைத்தும் 2022 ஜனவரி முதல் நாள் பொதுவுடைமையாயின, 1923-இன் பதிவுகள் 2024-இலும், 1924-இன் பதிவுகள் 2025-இலும் அவ்வரிசையில் சேர்ந்தன. பிராண்ட்வைனின் 1920-களின் இசைத்தட்டுகளும் ரோசன்பிளாட்டின் பதிவுகளும் இவ்வாறு ஆண்டுதோறும் விடுவிக்கப்படுகின்றன. அவற்றை இனி எவரும் விற்கலாம் என்பதால் பாட்டுக்கென்று தனி விலை நிற்பது கடினம். தேய்ந்த தட்டின் இரைச்சலை நீக்கும் உழைப்புக்கும், பாடியவர் யார், எந்த ஊர் மெட்டு என்று அறிந்து எழுதப்படும் குறிப்புரைக்குமே மறுவெளியீட்டாளர் விலை கேட்க முடிகிறது.