கட்டுமானப் பற்றுரிமையும் காலக்கெடுவும்

கட்டடம் கட்டியவருக்கோ, அதற்குப் பொருள் வழங்கியவருக்கோ பணம் வராதபோது, அக்கட்டடத்தின் மீதும் நிலத்தின் மீதும் சட்டம் அவருக்குத் தரும் உரிமை கட்டுமானப் பற்றுரிமை எனப்படும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்குத் தனிச் சட்டங்கள் உண்டு. இந்தியாவில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை.

ஊரறியப் பதிதல்

புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலை, இசைக் கல்வெட்டால் புகழ்பெற்ற ஊர். அங்குள்ள சிகாநாதசுவாமி கோயிலில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. நில விற்பனைகளும் கொடைகளும் அவற்றில் பதிவாகியுள்ளன. நிலத்தின் மீது ஒருவருக்குள்ள உரிமை மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதே இத்தகைய பதிவின் பயன். பற்றுரிமைச் சட்டங்கள் அறிவிப்பையும் பதிவையும் வலியுறுத்துவதற்கும் இதுவே காரணம். நிலத்தை வாங்குபவரும் அதன் மேல் கடன் கொடுப்பவரும் மறைந்திருக்கும் பாக்கியால் ஏமாறக் கூடாது.

மேலை நாடுகளில்

வாஷிங்டன் நகரம் உருவாகத் தொடங்கிய 1791இல், கட்டுநர்களுக்குப் பாதுகாப்பளிக்க மேரிலாந்து மாநிலம் பற்றுரிமைச் சட்டம் இயற்றியது. தமிழர் மிகுதியாக வாழும் டொராண்டோ நகரம் அமைந்துள்ள ஒன்டாரியோவில் 1873இல் இச்சட்டம் வந்தது. அங்கு பற்றுரிமையைப் பதிய 2018 முதல் 60 நாள் கெடு உள்ளது. அதற்கு முன் 45 நாள். கலிபோர்னியாவில் பொருள் வழங்குபவர், வழங்கத் தொடங்கிய 20 நாளுக்குள் முன்னறிவிப்புத் தர வேண்டும். கெடு தவறினால் கடன் நிற்கும். நிலத்தின் மீதான பிடி போய்விடும்.

இந்தியாவில்

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவுப்படி, தையற்காரர் கூலி வரும்வரை தைத்த துணியைத் தம்மிடமே வைத்திருக்கலாம். கொத்தனார் தாம் எழுப்பிய சுவரை அப்படி வைத்திருக்க முடியாது. 1930ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டப்படி, பணம் பெறாத விற்பனையாளர் தம் கையிலுள்ள சரக்கை நிறுத்தி வைக்கலாம். செங்கல் லோடு வாங்கியவரிடம் சேர்ந்துவிட்டால் அந்த உரிமை முடிந்துவிடும். ஆகவே இங்கு சிறு கட்டுநருக்கும் கடைக்காரருக்கும் தேதியே முக்கியமான துணை.

நினைவில் கொள்ள வேண்டிய கெடுக்கள்

15 நாள்: 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, சரக்கில் குறை இருந்தால் வாங்கியவர் இதற்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இல்லையெனில் சரக்கை ஏற்றதாகவே கொள்ளப்படும்.

45 நாள்: பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தர, ஒப்பந்தத்தில் இதற்கு மேல் தவணை வைக்க முடியாது. தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி உண்டு.

2 மாதம்: அரசின் மீது வழக்குத் தொடுக்கும் முன், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவுப்படி தர வேண்டிய அறிவிப்புக் காலம்.

3 ஆண்டு: 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி பாக்கிக்கு வழக்கிடும் கெடு. தவணை பேசாதபோது, சரக்குக்கு ஒப்படைத்த நாளிலிருந்தும், வேலைக்கு அது முடிந்த நாளிலிருந்தும் இது கணக்கிடப்படும். கெடு முடியுமுன் கடனாளி பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும்.

சரக்கு இறக்கிய அன்றே தேதியுடன் பெறும் ஒரு கையெழுத்து, பின்னர் இந்தக் கெடுக்களை நிறுவ உதவும் சான்றாகும்.