மறுக்கா பாடோணும்

மேட்டுப்பாளையம் வீட்டில் இருந்த டிரான்சிஸ்டர் ரேடியோவை நான் பிரித்துப் போட்டபோது அப்புச்சி திட்டவில்லை. "பிரிக்கறது பெருசில்ல கண்ணு, மறுக்கா பாடோணுமல்ல" என்றார், அவ்வளவுதான். பூட்டிவிட்டேன். பாடவில்லை. ஜி.டி. நாயுடுவும் இப்படித்தான் ஆரம்பித்தார் என்று பெரியவர்கள் தேற்றினார்கள். ஸ்குரூ டிரைவர் பிடிக்கிற கோவைப் பையன் எவனும் இந்தக் கதையிலிருந்து தப்ப முடியாது. எனக்கோ, நமக்கு அந்த ராசி இல்லை என்றுதான் அப்போது தோன்றியது.

கதை தெரிந்ததுதான். 1893-ல் கலங்கலில் பிறந்தவர். பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் மனம் போய், ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதையே வாங்கினார். பிரித்து, திரும்பப் பூட்டினார். சொல்பவர்கள் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். இதற்குப் பிறகு நடந்ததுதான் படிப்பு என்பேன். ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவியோடு 1920-ல் பஸ் வாங்கி, பொள்ளாச்சி–பழனி தடத்தில் தானே ஓட்டினார். மோட்டார் சைக்கிள் ஓடாவிட்டால் சொந்த நஷ்டம். பஸ் நின்றால் ஜனம் நடுரோட்டில் நிற்கும். நாளைக்குக் காலையில் வண்டி கிளம்பியாகணும் என்கிற நெருக்கடி சொல்லித் தருவதை எந்த வாத்தியாரும் தர முடியாது. அந்தப் பட்டறைப் பழக்கத்தோடுதான் அவர் ரசாந்த் மின்சவரக் கருவிக்கும், 1941-ல் 5 வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இங்கேயே செய்யலாம் என்ற அறிவிப்புக்கும் வந்து சேர்ந்தார்.

இன்ஜின் கண்ணுக்குத் தெரியும். பிஸ்டன் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். ரேடியோவைத் திறந்தால் காந்தம், கம்பிச்சுருள், பலகையில் சில பொட்டுகள். ஓடுகிற கரன்ட் தெரியாது. பிரித்துப் பார்ப்பது மட்டும் இதில் பத்தாது, அளக்கணும்.

1945-ல் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கையும் பொறியியல் கல்லூரியையும் தொடங்கிய நாயுடு, நாலு வருஷப் படிப்புக்கு ரெண்டு வருஷம் போதும் என்றார். அரசு ஏற்கவில்லை, முதல்வர் பொறுப்பிலிருந்து விலகினார். கல்லூரி பிற்பாடு தடாகம் ரோட்டுக்குப் போய்விட்டது. அவிநாசி ரோட்டில் கண்டக்டர்கள் இன்னமும் "ஹோப் காலேஜ் இறங்குங்க" என்கிறார்கள்.

ரெண்டு வருஷமா, நாலு வருஷமா, தெரியவில்லை. எனக்கு ஆறு வருஷம் ஆனது. ஒரு மல்டிமீட்டர் வாங்கி, பேட்டரியிலிருந்து ஒவ்வொரு இடமாக வோல்டேஜ் பார்த்துக்கொண்டே போனேன். சுவிட்சுக்கு வரவே இல்லை. பேட்டரிக் கம்பியில் நான் வைத்த ஈயம் பிடிக்காமல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டி, சூடாக்கி, திரும்ப வைத்தேன். கரகரவென்று கோவை வானொலி வந்தது. அப்புச்சி சவுண்டைக் கூட்டச் சொன்னார்.