பகைவர் இருவர்க்கும் ஒரே பாடநூல்

1914 ஜூன் 28-இல் சரயேவோ நகர வீதியில் ஆஸ்திரிய இளவரசரையும் அவர்தம் துணைவியாரையும் சுட்டுக் கொன்ற கவ்ரிலோ பிரின்சிப்புக்கு அப்போது வயது 19. இருபது நிறையாதவரைத் தூக்கிலிட அந்நாட்டுச் சட்டம் இடந்தரவில்லை. எனவே இருபதாண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 1918 ஏப்ரலில் சிறையிலேயே மாண்டான். அந்நிகழ்ச்சியை அடுத்து மூண்ட பெரும்போரின் வரலாற்றை இன்று பிரான்சிலும் ஜெர்மனியிலும் பயிலும் பிள்ளைகள் அவனைவிட மூன்று நான்கு வயதே இளையவர்கள். மீசை அரும்பும் பருவத்தினர். வீரம் என்னும் சொல்லுக்கு எளிதில் மயங்குவோர். அவர்களிடம் அப்போரைப் பற்றி என்ன சொல்வது? மூட்டியவர் யார் என்று சொல்வது? இவ்விரு நாடுகளும் தத்தம் விருப்பம்போல் விடை சொல்லிக் கண்ட பலனையும், பின்னர் ஒருங்கே அமர்ந்து விடை தேடிய வரலாற்றையும் ஈண்டு நோக்குவோம்.

முதலில் லாங்கமார்க் கதை. 1914 நவம்பர் 11-இல் ஜெர்மானியப் படைத் தலைமை ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பெல்ஜியத்தில் லாங்கமார்க் என்னும் ஊருக்கு மேற்கே இளம் படைப்பிரிவுகள் நாட்டுப்பண் பாடியவாறே முன்னேறிப் பகைவரின் முன்வரிசையைக் கைப்பற்றின என்பது அதன் சாரம். நடந்தது வேறு. போதிய பயிற்சியின்றி அனுப்பப்பெற்ற பிரிவுகள், பகைவரின் துப்பாக்கிகளுக்கு முன்னே பயிர்போற் சாய்ந்தன. இடங்கூட லாங்கமார்க் அன்று. அருகிருந்த பிக்ஸ்ஷூட் பகுதி. மாண்டோருள் மாணவர் சிறுபான்மையினரே. எனினும் 'மாணவர் படை பாடிக்கொண்டே மாண்டது' என்னும் கதை ஜெர்மானியக் கல்விக்கூடங்களில் ஆண்டுதோறும் விழாவாகவே கொண்டாடப்பெற்றது. 1933-க்குப் பின் ஹிட்லர் ஆட்சி அதனைத் தனதாக்கிக் கொண்டது. அவ்விழாக்களிற் கைகட்டி நின்ற சிறுவர்களே 1939-இல் போருக்கு அழைக்கப்பெற்றனர். 1929-இல் ரெமார்க் வெளியிட்ட புகழ்பெற்ற நாவலில், வகுப்பு முழுவதையும் படையிற் சேரத் தூண்டுகின்ற ஆசிரியர் ஒருவர் வருகிறார். அந்நாவல் 1933-இல் தீயிலிடப்பட்டதில் வியப்பொன்றுமில்லை.

வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் 231-ஆம் பிரிவு, போரால் விளைந்த இழப்புகள் அனைத்திற்கும் ஜெர்மனியையும் அதன் கூட்டாளிகளையும் பொறுப்பாக்கியது. ரைன் ஆற்றின் மேற்கே அது தீர்ப்பு. கிழக்கே அது பொய். இருகரையிலும் பிள்ளைகள் அவ்வாறே பயின்றனர். ஆயினும் பிரெஞ்சு ஆசிரியர்கள் சிலரை நாம் போற்றாமல் இருத்தல் இயலாது. அண்டை நாட்டாரை வெறுக்கச் சொல்லும் வரலாற்று நூல்களைப் பள்ளியினின்று விலக்க வேண்டுமென அந்நாட்டுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கம் 1920-களில் கிளர்ச்சி செய்தது. முன்னின்றோருள் ஒருவரான ஜார்ஜ் லப்பியேர், ஜெர்மானியர் பிரான்சைக் கைக்கொண்ட காலத்திற் சிறைப்பட்டு, 1945-இல் டாஹாவ் முகாமில் உயிர்நீத்தார்.

1935-இல் இருநாட்டு வரலாற்றாசிரியர்கள் பாரிஸிற் கூடி, பள்ளிப் புத்தகங்களுக்கென ஏறத்தாழ 40 கருத்துகளை வகுத்தனர். ஹிட்லரின் ஜெர்மனியில் அவை எதனையும் மாற்றவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஆறாண்டு கழிந்தபின், 1951-இல், மீண்டும் கூடினர். பிரெஞ்சுத் தரப்பில் பியேர் ரெனுவேன். முதற்போரில் இடக்கையை இழந்தவர். ஜெர்மானியத் தரப்பில் கெர்ஹார்ட் ரிட்டர். அதே போரில் எதிரணியிற் காலாட்படை வீரராக நின்றவர். இவ்விருவரும் ஒரு மேசையில் அமர்ந்ததே பெரிது. 1914-இல் எந்த ஓர் அரசும், எந்த ஒரு மக்களும் ஐரோப்பியப் போரைத் திட்டமிட்டு விரும்பினர் என்று சொல்ல ஆவணங்கள் இடந்தரவில்லை என அவர்கள் முடிவுகட்டினர். கேயார்க் எக்கெர்ட் என்னும் கல்வியாளர் பாடநூல்களைச் சீர்செய்வதற்கெனப் பிரவுன்ஷ்வைக் நகரில் ஒரு நிலையத்தை நிறுவியதும் அவ்வாண்டேயாகும்.

அம்முடிவு நல்லெண்ணத்திற் பிறந்தது. ஆனால் உறவுக்காக உண்மையைச் சற்றே வளைத்துக் கொண்டதாகவே அதனை நாம் கருதுகிறோம். பத்தாண்டுக்குள் அது தள்ளாடியது. 1961-இல் ஹாம்பர்க் பேராசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர் பெருநூலொன்று வெளியிட்டார். போர் மூண்டு ஆறாம் வாரத்திலேயே, 1914 செப்டம்பர் 9-இல், பெல்ஜியத்தை அடிமைநாடாக்கவும் பிரான்சை நிமிரவொட்டாது தாழ்த்தவும் ஜெர்மானியத் தலைமை அமைச்சர் அலுவலகம் வகுத்த திட்டத்தை அந்நூல் எடுத்துக் காட்டியது. அவரை மிகக் கடுமையாக எதிர்த்தவர் யாரென்றால், 1951-இன் அதே ரிட்டர்! 1964-இல் ஃபிஷரின் அமெரிக்கப் பயணத்திற்கென ஒதுக்கிய பணத்தை ஜெர்மானிய வெளியுறவு அமைச்சகம் திரும்பப் பெற்றதும் உண்டு. அவ்வழக்கு இன்னும் ஓயவில்லை. 2012-இல் கிறிஸ்டபர் கிளார்க் எழுதிய நூல், பொறுப்பைப் பல தலைநகரங்களுக்கும் பகிர்ந்தளித்து விவாதத்தை மறுபடியும் கிளப்பிற்று.

அறிஞர்கள் முடிக்காத வழக்கை ஆசிரியர் ஒரு மணி நேரத்தில் எவ்வாறு முடிப்பார்? முடிக்க வேண்டியதில்லை என்பதே நம் எண்ணம். 1914 ஜூலையின் ஆவணங்கள் அச்சில் உள்ளன. ஜூலை 23-இல் 48 மணி நேரக் கெடுவுடன் ஆஸ்திரியா செர்பியாவுக்கு விடுத்த இறுதி எச்சரிக்கை, அதற்கு செர்பியா அளித்த பணிவான விடை, ஒருவரையொருவர் உறவு சொல்லி விளித்து ஜெர்மானியக் கைசரும் ருஷ்ய ஜாரும் அனுப்பிக் கொண்ட தந்திகள் ஆகியவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். ஜூலை 28-க்கும் ஆகஸ்டு 4-க்கும் இடையே எந்த நாளில், யார் ஒருவர் 'வேண்டாம்' என்றிருந்தால் இது நின்றிருக்கும் என்று கேட்கலாம். பதினாறு வயதுப் பிள்ளை இவ்வினாவிற் காட்டும் கூர்மையை, படைகளையும் நாள்களையும் மனனம் செய்யும்போது காட்டுவதில்லை.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழக்காடிய இருவருமே நெடுங்காலம் மறந்திருந்தவர்கள் உண்டு. இந்தியாவினின்று கடல்கடந்து அப்போருக்குச் சென்றோர் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டவர்; மாண்டோர் ஏறத்தாழ 74,000. பிரான்சில் நவ் ஷப்பேல் ஊரிலுள்ள நினைவுச் சின்னம் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியப் பெயர்களைத் தாங்கி நிற்கிறது. பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டோர்ஃபில், ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகளினின்று சிறைப்பட்ட முஸ்லிம்களை வைத்த 'பிறை முகாமில்' 1915-இல் மரத்தாலான ஒரு பள்ளிவாசல் எழுந்தது. ஜெர்மனி மண்ணில் தொழுகைக்கெனக் கட்டப்பெற்ற முதற் பள்ளி அதுவே. கட்டியவர் நோக்கம் தீனுக்குத் தொண்டு செய்வதன்று. கைதிகளைத் தம் பக்கம் திருப்புவதே. 1920-களில் அது பழுதுற்று இடிக்கப்பட்டது. ஆயினும் அக்கைதிகளின் குரல்களை அந்நாளைய ஜெர்மானிய மொழியறிஞர்கள் இசைத்தட்டுகளிற் பதிந்து வைத்தமையால், அவர்தம் பேச்சு இன்றும் பெர்லின் பல்கலைக்கழகத்தில் ஒலிக்கிறது. வகுப்பறைக்கு இதனினும் சிறந்த பாடப்பொருள் யாது? (1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த ஜெர்மானியக் கப்பலின் பெயர், 'அவன் பெரிய எம்டன்' என நம் வீடுகளில் வழங்கும் பேச்சில் தங்கிவிட்டதை வாசக அன்பர்கள் அறிவர்.) வெர்டன் போர்க்களத்தில் பிரான்சுக்காக மாண்ட முஸ்லிம் வீரர்க்கென நினைவுச் சின்னமொன்று திறக்கப்பெற்றது 2006-இல்தான்.

அதே 2006-இல்தான் பொதுப்பாடநூலும் வந்தது. அதனைக் கேட்டவர்கள் அமைச்சர்கள் அல்லர், மாணவர்கள். 2003 ஜனவரியில் இருநாட்டு இளைஞர் ஏறத்தாழ 500 பேர் பெர்லினிற் கூடி, இரு நாட்டிற்கும் ஒரே வரலாற்று நூல் வேண்டுமென்றனர். அரசுகள் இசைந்தன, பாரிஸின் நாத்தான் பதிப்பகமும் ஜெர்மனியின் கிளெட் பதிப்பகமும் பொறுப்பேற்றன. இரு மொழியிலும் ஒரே பாடம், ஒரே படங்கள். மேல்வகுப்பிலிருந்து தொடங்கியமையால் 1945-க்குப் பிற்பட்ட காலம் முதலில் வந்தது. பெரும்போர் அடங்கிய தொகுதி 2008-இலும், பண்டைக்காலம் முதல் 1815 வரையிலான தொகுதி 2011-இலும் வெளிவந்தன. கருத்து ஒன்றாத இடங்களில் இருநாட்டுப் பார்வைகளையும் அருகருகே வைத்தனர். 1951-இன் வழியினும் இது நேரியது. சுவையானதொரு செய்தி: முதல் தொகுதியை எழுதியபோது பழைய பகையைப் பற்றி அவர்கள் அவ்வளவாக மோதவில்லையாம்; அமெரிக்காவை எவ்வாறு மதிப்பிடுவது என்பதில்தான் மோதினராம்.

நூல் எதிர்பார்த்த அளவு பரவவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. ஜெர்மனியில் 16 மாநிலங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம். பிரான்சிலோ பாடத்திட்டம் அடிக்கடி மாறுகிறது. பெரும்பாலும் இருமொழி வகுப்புகளோடு அது நின்றுவிட்டது. ஆயினும் போலந்தும் ஜெர்மனியும் அதே வழியை மேற்கொண்டன. 1972-இல் அமைந்த அவ்விரு நாடுகளின் பாடநூற் குழுவின் உழைப்பால் 2016 முதல் நான்கு தொகுதிகள் வந்தன. பேசுவதற்கு எல்லாவற்றினும் கடினமான இரண்டாம் உலகப்போர் நான்காம் தொகுதியில் அமைந்தது. அது 2020-இல் அச்சேறியது.