கண்டியும் கண்டும்

ஆனைமலைக்கு 1800-ஆம் ஆண்டின் இறுதியில் வந்து சென்ற பிரான்சிசு புக்கானன், 1807-இல் வெளிவந்த தம் பயணநூலுள் ஊர்தோறும் வேறுபடும் எடையளவைகளைக் குறித்துள்ளார். அந்நூலுள் ‘காண்டி’ என ஆங்கில வடிவிற் பயில்வது நம் ‘கண்டி’ என்னும் நிறைப்பெயரேயாம். இனிப்புப் பண்டத்திற்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயராதலின், இரண்டும் ஒரு சொல்லோ என்னும் ஐயம் எழுதல் இயல்பு. தமிழில் அவ்வையத்திற்கு இடமில்லை. நிறை கண்டி, இனிப்புக் கண்டு. (இலங்கைக் கண்டி, மலையெனப் பொருள்படும் சிங்களச் சொல்லின் வழியது, ஈண்டைக்கு வேண்டாதது.)

துண்டு என்னும் பொருளுடைய ‘கண்ட’ என்னும் வடசொல் பாரசீகத்திலும் அரபியிலும் கட்டிச் சர்க்கரையைக் குறித்துப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. கற்கண்டும் அதன் வழியதே என்பர். கண்டு என்பதனைத் திராவிடச் சொல்லாகக் கொள்வாரும் உளர். உருண்டு திரண்டதனைக் குறிக்கும் ‘நூற்கண்டு’ அவர்க்குத் துணையாகும். எனினும், திரட்டிச் சுற்றிய நூலும் துண்டாக உடைத்த சர்க்கரையும் ஒலியொப்புமை ஒன்றானே ஓரினமாகா. கண்டசர்க்கரை என்னும் வழக்கும் உண்மையின், வடசொல் வழியே வலிவுடைத்தெனத் தோன்றுகிறது.

நிறைப்பெயரின் செய்தி வேறு. மராத்தியிலும் தெலுங்கிலும் இது ‘கண்டி’ என்றே மூச்சொலியுடன் வழங்கும். 1886-இல் வெளிவந்த யூல், பர்னெல் அகராதி இதனையும் பகுத்தற்பொருள் தரும் வடமொழி வேரோடு சார்த்தும். சென்னை மாகாணக் கணக்கில் 8 வீசை ஒரு மணங்கு. 20 மணங்கு ஒரு கண்டி. மணங்கு 25 இராத்தலாதலின் கண்டி 500 இராத்தல், அஃதாவது ஏறத்தாழ 226.8 கிலோகிராம். பம்பாயிலோ மணங்கு 28 இராத்தல். ஆண்டுப் பொதுக்கண்டி 20 மணங்காயினும், பஞ்சுக்கண்டி 28 மணங்கு. எனவே 784 இராத்தல்.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் மெட்ரிக் அளவைகள் நிலைபெற்று, வீசையும் மணங்கும் வழக்கொழிந்தன. பஞ்சு வாணிகத்தில் மட்டும் கண்டி இன்றும் வாழ்கிறது. கோயம்புத்தூர் ஆலைகள் பஞ்சுக்குப் பேசும் விலை கண்டிக்கு இவ்வளவு என்பதே. ஆயின் அக்கண்டி 355.6 கிலோகிராம்; சொல் பழையது, நிறை பம்பாயது. சென்னைக் கணக்கில் எழுதப்பெற்ற பழைய ஆவணமொன்றில் 10 கண்டிப் பஞ்சு எனக் காண்பார், இன்றைய நிறையை ஏற்றி 3,556 கிலோகிராம் எனக் கணக்கிடுவர். எழுதினோன் கருதியது 2,268 மட்டுமே.