ஒரு மாதத்து ஊழியம்

வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை. மார்மன் சபையின் இளம் ஊழியரை உலகம் இப்படித்தான் அடையாளம் காண்கிறது. ஆண்மகன் பதினெட்டு வயதில் புறப்படலாம், தவணை இரண்டாண்டு. எங்கும் இருவராகவே செல்ல வேண்டும். வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்கவும் வீட்டாரோடு பேசவும்; மற்ற நாள்களெல்லாம் ஊழியத்துக்கு. சம்பளம் கிடையாது. செலவைக் குடும்பமும் சபையாரும் தாங்குகிறார்கள். தவணை முடிந்தால் அவர் தம் பழைய வாழ்வுக்குத் திரும்பிவிடுவார்.

இந்த ஏற்பாட்டை அமெரிக்கப் புதுமை என்றே நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் இதற்கு நெருங்கிய ஒன்று நம் திருநெல்வேலிச் சீமையிலேயே நடந்திருக்கிறது.

முதலில் சென்னை. ரிச்சர்ட் பாலன்டைன் உள்ளிட்ட மூன்று மார்மன் ஊழியர்கள் 1853 ஜூலையில் அங்கே வந்திறங்கினர். தமிழ் அறியாத அவர்களின் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலச் சிப்பாய்களையும் ஆங்கிலம் பேசும் குடும்பங்களையும் தாண்டவில்லை. பலதார மணத்தை அவர்கள் சபை 1852-இல் வெளிப்படையாக அறிவித்திருந்ததால் கதவுகள் முன்னமே சாத்தப்பட்டிருந்தன. பாலன்டைன் ஒரு சிறு இதழ் நடத்திப் பார்த்தார், 1854-இல் கப்பலேறிவிட்டார்.

அதே 1854-இல் வடதிருநெல்வேலியில் வேறொரு முயற்சி தொடங்கியது. சர்ச் மிஷனரி சங்கத்தின் தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட், தம்மினும் இளையவர்களான டேவிட் ஃபென், மெடோஸ் ஆகியோருடன் கூடாரம் தூக்கிக்கொண்டு கரிசல் ஊர்களுக்குப் புறப்பட்டார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் பெயர் பெற்றவர் அவர். அப்போது வயது முப்பத்தொன்பது. பங்களாவோ நிலையான இருப்போ இல்லை. ஓர் ஊரின் அருகே கூடாரம். சுற்றியுள்ள ஊர்களில் உபதேசம். பிறகு அடுத்த இடம். வாரங்கள் இப்படியே கழிந்தன. மனம் மாறியோர் மிகச் சிலர். 1858 அக்டோபரில் ராக்லண்ட் சிவகாசியில் இறந்தார். 1861-இல் அவருடைய வாழ்க்கை வரலாறு லண்டனில் நூலாக வந்தது.

நம் கவனம் அவருடன் நடந்த தமிழர்மேல் செல்கிறது. தாமிரபரணிக் கரையிலும் அதன் தெற்கே தேரிக்காட்டிலும் அப்போது சபைகள் வேரூன்றியிருந்தன. அங்கிருந்து உபதேசியார்கள் முறை வைத்து வடக்கே வந்தார்கள். ஒருவருக்கு ஒரு மாதம். அந்த மாதச் செலவை அவரை அனுப்பிய சபையே ஏற்றது. மாதம் முடிந்ததும் அவர் தம் ஊர் திரும்புவார், அடுத்தவர் வருவார்.

இது சிறிய செயலன்று. தென்பகுதிச் சபையாரில் பெரும்பாலோர் அன்று கோயில் நுழைவு மறுக்கப்பட்ட நாடார் குலத்தவர். அயலூர் மந்தையில் நின்று, தம்மைத் தாழ்வாகக் கருதியவர்களிடம் ஒரு புதிய மதத்தைப் பேசுவதற்கு எத்தகைய துணிவு வேண்டியிருக்கும்? 1899-இல் சிவகாசியில் நிகழ்ந்த கலவரத்தை அறிந்த நாம் அதை ஓரளவு ஊகிக்கலாம். வெள்ளைக்காரருக்கு அவர் நிறமும் அரசும் காவல். உபதேசியாருக்கு அத்தகைய காவல் ஏதுமில்லை. பனங்காட்டு மக்கள் சிறுகச் சேர்த்த காசில் அவர் வடக்கே நடந்தார்.

ஆகவே இன்றைய மார்மன் இளைஞருக்கு நம் சீமையில் உறவு தேடினால், அது ராக்லண்ட் அல்லர் என்றே தோன்றுகிறது. ராக்லண்ட் ஆயுள் முழுவதையும் கொடுத்தவர். தவணைக்கு வந்து, தன் சபையின் செலவில் நடந்து, வீடு திரும்பியவர் உபதேசியார்தாம்.

நம் மிஷன் வரலாறு பெரும்பாலும் தங்கிவிட்டவர்களின் வரலாறு. அவர்களுக்குக் கல்லறை உண்டு, நூல் உண்டு. ஒரு மாதம் வந்து போனவருக்கு மந்தையில் எழுந்த குரலைத் தவிர வேறு எதுவும் எஞ்சவில்லை. மதத்தைப் பற்றி நம் கருத்து எதுவாயினும், அந்த நடையையும் சேர்த்து எழுதினால்தான் திருநெல்வேலி வரலாறு முழுமை பெறும்.