படகின் அடிப்புறம்: செம்பு, துத்தநாகம், சிப்பிகள்

மேலை நாடுகளில் கடலோரத்திலும் ஏரிக்கரையிலும் வாழும் நடுத்தர வசதியுள்ள குடும்பங்கள் பல, கார் வைத்திருப்பதைப்போலவே விசைப்படகு ஒன்றும் வைத்திருக்கின்றன. படகின் நீளம் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இருக்கும். எஞ்சின் ஒன்று அல்லது இரண்டு, நாலைந்து பேர் படுத்துறங்க அறைகள், சிறு அடுக்களை, கழிப்பறை. விடுமுறை வந்தால் குடும்பம் முழுவதும் அதில் ஏறி, கரையோரமாக ஊர் ஊராகச் சென்று வரும். ஆனால் இத்தகைய படகு ஆண்டின் பெரும்பாலான நாட்களில் ஓடுவதே இல்லை. படகுத் துறையில், பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டப்பட்ட நூற்றுக்கணக்கான படகுகளோடு, அசையாமல் மிதந்துகொண்டிருக்கும். வாசகர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது முக்கியமாகப் போகிறது.

படகுச் சொந்தக்காரருக்கு ஆண்டுதோறும் தவறாத வேலைகள் இரண்டு உண்டு. வேனிற்காலம் தொடங்குமுன் படகைப் பாரந்தூக்கியால் கரைக்கு ஏற்றி, அடிப்புறத்தில் ஒட்டியிருப்பவற்றைச் சுரண்டிவிட்டுப் புதிய பூச்சுப் பூச வேண்டும். புரொப்பெல்லர் அருகே திருகி வைத்துள்ள துத்தநாகக் கட்டியைக் கழற்றிவிட்டு வேறொன்று பொருத்த வேண்டும். பார்த்தால் சில்லறை வேலைகள்தாம். ஆயினும் இவற்றின் பின்னே இருநூற்று அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படை, ஹம்ஃப்ரி டேவி என்னும் பெரும் வேதியியல் அறிஞர், பிரான்சு நாட்டுச் சிப்பி வளர்ப்போர் ஆகியோர் அதில் இடம்பெறுகின்றனர்.

அழையா விருந்தினர்

கடல்நீரில் எந்தக் கெட்டியான பொருளைப் போட்டாலும் சில மணி நேரத்தில் அதன்மேல் பாக்டீரியாக்கள் படர்ந்து வழவழப்பான ஏடு போலாகிவிடும். அடுத்துப் பாசி வரும். அதன்பின் கொட்டலசு எனப்படும் கூம்பு ஓட்டு உயிரி வந்து சேரும். இது சிப்பி இனத்தைச் சேர்ந்ததன்று. இறால், நண்டு ஆகியவற்றின் உறவு. இளம்பருவத்தில் நீந்தித் திரிந்து, நல்ல இடம் பார்த்துத் தலையைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்கிறது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் தலைகீழாக இருந்தபடி, கால்களால் துழாவி உணவை வாய்க்குத் தள்ளுகிறது. இப்படிச் சில ஆயிரம் ஒட்டிக்கொண்டால் படகின் அடி அரம்போலச் சொரசொரப்பாகிவிடும். வேகம் குறையும், எரிபொருள் செலவு ஏறும்.

மரப்படகுக்கு இன்னொரு பகையும் உண்டு. கப்பற்புழு என்று பெயர் பெற்ற அது, உண்மையில் புழுவன்று, மெல்லுடலிகளில் ஒன்று. மரத்தின் உள்ளேயே வளை தோண்டி வாழ்வது. வெளியே ஊசித் துளையளவுதான் தெரியும். உள்ளே மரம் தேன்கூடாகியிருக்கும். நம் மீனவர்களின் கட்டுமரத்துக்கு இத்தொல்லைகள் அதிகமில்லை. தொழில் முடிந்ததும் கரைக்கு இழுத்து உலரவைத்து விடுகிறார்கள் அல்லவா? நீரைவிட்டு வெயிலில் கிடந்தால் இவ்வுயிர்கள் தங்குவதில்லை. நாள் முழுவதும் நீரிலேயே கிடக்க வேண்டிய கலங்களுக்குத்தான் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

செம்புத் தகடும் இரும்பு ஆணியும்

1761-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கடற்படையினர் ‘அலாரம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்புறம் முழுவதும் மெல்லிய செம்புத் தகடு போர்த்தி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பிவைத்தனர். திரும்பி வந்த கப்பலை 1763-இல் சோதித்தபோது ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் கிடைத்தன. தகடு இருந்த இடங்களில் புழுவும் இல்லை, கொட்டலசும் இல்லை. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல, தொட்டால் உதிரும் அளவுக்கு அரித்துப் போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் கெடாமல் இருந்தன. காரணம் என்னவென்று பார்த்தால், தகடுகளைச் சுற்றிவந்த பழுப்புக் காகிதம் அந்த இடங்களில் செம்புக்கும் இரும்புக்கும் இடையே சிக்கிக்கொண்டிருந்தது! இரு உலோகங்களும் ஒன்றையொன்று தொடாதவரை கேடில்லை என்பது அப்போது தெரிந்தது. ஏன் என்று சொல்ல அன்று எவராலும் இயலவில்லை. கால்வானி தவளைக் காலை வைத்துச் செய்த ஆய்வுகள் 1791-இலும், வோல்ட்டாவின் மின்னடுக்கு 1800-இலும்தான் வெளிவந்தன.

காரணம் இதுதான்: இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நின்றால், அவை மின்கலம் ஆகிவிடுகின்றன. எலெக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் கரைகிறது, மற்றது பிழைத்துக்கொள்கிறது. இரும்பும் செம்பும் சேர்ந்தால் கரைவது இரும்பு.

இதனை மறுபக்கமாகத் திருப்பிப் பார்த்தவர் ஹம்ஃப்ரி டேவி. செம்புத் தகடும் கடல்நீரில் மெல்ல மெல்லக் கரைந்து தேய்ந்தது. அடிக்கடி மாற்ற வேண்டியிருந்ததால் கடற்படைக்குப் பெருஞ்செலவு. டேவியிடம் யோசனை கேட்டனர். செம்பைவிட எளிதில் கரையும் துத்தநாகத்தையோ இரும்பையோ சிறிது அதனுடன் இணைத்துவிட்டால், அது கரைந்து செம்பைக் காக்கும் என்றார் அவர். செம்பின் பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு பரப்பே போதும் என்று 1824-இல் சோதனைகளால் காட்டினார். நம் கொச்சியில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட ‘சமராங்’ என்னும் கப்பலும் இந்தக் காப்புக் கட்டிகளைத் தாங்கிச் சென்றது.

செம்பு கரைவது உண்மையிலேயே நின்றுபோயிற்று. ஆனால் நடந்தது என்ன தெரியுமா? காக்கப்பட்ட செம்பின்மேல் பாசியும் கொட்டலசும் செழித்து வளர்ந்தன. கப்பல்கள் வேகம் இழந்தன. 1825-இல் கட்டிகளைக் கழற்றிவிடக் கடற்படை ஆணையிட்டது. டேவிக்கு இது பெருத்த தலைகுனிவு. அவருடைய மின்வேதியியலில் ஒரு பிழையும் இல்லை. விடுபட்டது உயிரியல். செம்பு கரைவதால்தான் அதன் நஞ்சு நீரில் கலந்து இளம் உயிரிகளை அண்டவிடாமல் செய்கிறது. கரையாத செம்பு வெறும் தகடுதான்.

டேவியின் கட்டி அத்துடன் மறைந்துவிடவில்லை. இன்று விசைப்படகின் வெண்கலப் புரொப்பெல்லரையும் எஃகுத் தண்டையும் காப்பது அதே துத்தநாகக் கட்டிதான். பாதிக்குமேல் கரைந்ததும் மாற்றிவிடுவர். தொடர்பில்லாதவர் கண்ணுக்கு வீண்செலவாகத் தெரியும். ஒரு பருவம் மாற்ற மறந்தவருக்கு அதன் அருமை தெரியும். கட்டியின்மேல் பூச்சுப் பட்டுவிடக் கூடாது என்பது துறையில் முதலில் சொல்லித்தரும் பாடம். பூச்சு மூடினால் கட்டி கரையாது. அதற்குப் பதில் புரொப்பெல்லர் கரையத் தொடங்கும்.

படகுகள் பெருகின

1886-இல் காட்லிப் டைம்லர் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய படகை ஜெர்மனியின் நெக்கார் ஆற்றில் ஓட்டினார். பெட்ரோல் வெடிக்கும் என்று மக்கள் அஞ்சியதால், மின்சாரப் படகுபோலத் தோன்றும்படி கம்பிகளைச் சுற்றி ஓட்டினாராம். 1909-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலி எவின்ரூட் என்பவர், படகின் பின்புறம் மாட்டிக் கழற்றும் எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இவ்வளவுக்குப் பிறகும் அறையுள்ள படகு பணக்காரர் பொருளாகவே இருந்தது. மரப்பலகைகளை ஒவ்வொன்றாக இழைத்துச் சேர்க்கத் தேர்ந்த தச்சர் வேண்டும். ஆண்டுதோறும் இடுக்கடைப்பு, வார்னிஷ், உளுத்த பலகை மாற்றுதல் என்று வேலையும் ஓயாது.

கண்ணாடியிழை வந்து இதனை மாற்றியது. ஒரே அச்சின்மேல் கண்ணாடியிழைத் துணியைப் பரப்பிப் பாலியெஸ்டர் பிசின் ஊற்றி இறுகவிட்டால் படகின் உடல் தயார். அதே அச்சில் அடுத்ததும் தயார். 1960-இல் வட கரோலினாவில் ‘ஹாட்டெராஸ்’ நிறுவனம் 41 அடி நீள விசைப்படகை இவ்வாறு வார்த்துக் காட்டியபின், பெரிய படகுக்கு இது உதவாது என்ற பேச்சு அடங்கியது. கப்பற்புழுவால் கண்ணாடியிழையைத் தின்ன முடியாது. படகுகள் மலிந்தன. மீன்பிடித் துறைகளாக இருந்த விரிகுடாக்கள் உல்லாசப் படகுகளால் நிரம்பின. கொட்டலசுக்கு மட்டும் மரமும் ஒன்றே, கண்ணாடியிழையும் ஒன்றே.

வெள்ளீயம் தந்த வரம்

செம்புச் சேர்மம் கலந்த பூச்சு ஓராண்டுக்குமேல் தாங்காது. இந்நிலையில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1950-களில், வெள்ளீயத்தைக் கரிமத் தொகுதிகளோடு இணைத்த சேர்மங்கள் நுண்ணுயிர்களைக் கொல்லும் கடும் நஞ்சு எனக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று ட்ரைபியூட்டைல் டின். ஒட்டுண்ணி நோயைப் பரப்பும் நத்தைகளை ஒழிக்கவும் இவ்வகைச் சேர்மங்களைச் சோதித்துப் பார்த்ததுண்டு. 1960-களில் அது படகுப் பூச்சுக்கு வந்தது. அடுத்த பத்தாண்டில் இன்னும் நயமான உத்தி ஒன்று பிறந்தது. நஞ்சைப் பூச்சின் பாலிமருடனேயே வேதியியல் முறையில் பிணைத்துவிட்டார்கள். கடல்நீர் மேற்பரப்பின் பிணைப்பைத் துண்டிக்கும், நஞ்சு வெளியேறும், மீந்த ஏடு ஓடும் நீரில் கரைந்து அடுத்த ஏடு புதிதாய் வெளித்தெரியும். பெரிய கப்பல் ஐந்தாண்டுவரை சுரண்டாமல் ஓடலாம். படகுக்காரர்களும் மகிழ்ந்தனர். படகை அக்கறையாகப் பேணியவர்களே இதை முதலில் வாங்கிப் பூசினர் என்பது இந்தக் கதையின் வேதனையான பகுதி.

ஆர்கஷோன் விரிகுடா

தென்மேற்குப் பிரான்சில், போர்தோ நகருக்கு அருகே இருப்பது ஆர்கஷோன் விரிகுடா. கடலோடு குறுகிய வாயிலால் மட்டும் இணைந்தது. உண்ணும் சிப்பி வளர்ப்புக்குப் பெயர்பெற்றது. 1970-ஐ ஒட்டி அங்கு வளர்த்துவந்த போர்த்துகீசியச் சிப்பிகள் வைரஸ் நோயால் அழிந்தன. பசிபிக் சிப்பியைக் கொண்டுவந்து தொழிலை மீட்டனர். மூச்சு விடுவதற்குள் அடுத்த அடி விழுந்தது. 1970-களின் பிற்பகுதியில் சிப்பிக் குஞ்சுகள் பிடிக்கவில்லை. முட்டைகள் பொரித்தன, இளம் உயிரிகள் சில நாட்களில் மடிந்தன. வளர்ந்த சிப்பிகளின் ஓடுகளோ, இடையிடையே கூழ் நிறைந்த அறைகளோடு தடித்து, உருண்டை உருண்டையாயின. அவற்றை யார் வாங்குவார்? ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னைத் தாண்டியிருந்த விளைச்சல் 1981-இல் மூவாயிரம் டன்னுக்கு வந்துவிட்டது.

கடல்மீன்வள ஆய்வாளர் குளோது அல்சியூவும் அவருடைய தோழர்களும் ஒரு பாங்கைக் கவனித்தனர். படகுகள் நெருக்கமாகக் கட்டப்பட்ட இடங்களுக்கு அருகில்தான் கேடு அதிகம். விரிகுடாவிலோ பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உல்லாசப் படகுகள்! வெள்ளீயப் பூச்சுப் பூசிய பலகைகளோடு தொட்டிகளில் சிப்பி வளர்த்துப் பார்த்தபோதும் ஓடுகள் அவ்வாறே தடித்தன. 1982 ஜனவரியில் பிரெஞ்சு அரசு, 25 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு இப்பூச்சைத் தடை செய்தது. அவ்வாண்டே சிப்பிக் குஞ்சுகள் மீண்டும் பிடித்தன. சுற்றுச்சூழல் வரலாற்றில் இவ்வளவு விரைவாக விடை கிடைத்த நிகழ்ச்சிகள் மிகச் சிலவே.

எவ்வளவு நஞ்சு இதற்குப் போதும்? லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டு நானோகிராம் இருந்தாலே ஓடு தடிக்கத் தொடங்கும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அரைக் கிலோமீட்டர் நீளமும் அரைக் கிலோமீட்டர் அகலமும் நான்கு மீட்டர் ஆழமும் உள்ள ஏரியில் இரண்டு கிராமைக் கரைத்தால் இந்த அளவு வந்துவிடும். அவ்வளவு நுட்பமாக அளக்கும் கருவிகள் அன்று அரிது. சிப்பிகள் காட்டிக்கொடுத்தன, கருவிகள் பின்னால் வந்தன.

இங்கிலாந்தில் நத்தைகள் காட்டிக்கொடுத்தன. பாறைகளில் வாழும் ஒருவகைக் கடல் நத்தையில், பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்திருப்பதை 1970-இல் பிளிமத் கடற்கரையில் கண்டனர். அமெரிக்காவிலும் இதுபோன்ற நத்தைகள் படகுத் துறைகளின் அருகே கிடைத்தன. லிட்டருக்கு ஒரு நானோகிராமுக்கும் குறைவான ட்ரைபியூட்டைல் டின்னே இதற்குப் போதுமானது என்பது பின்னர் உறுதியாயிற்று. நிலை முற்றினால் முட்டை வரும் வழி அடைபட்டு நத்தை இறக்கும். இந்நத்தையின் குஞ்சுகள் நீரில் மிதந்து வேறிடம் செல்வதில்லை. பாறையிலேயே பொரித்துப் பாறையிலேயே வாழ்கின்றன. ஆகவே ஓரிடத்தில் அழிந்தால் மீண்டும் குடியேறப் பல ஆண்டுகள் ஆகும்.

தடையும் அதன் பின்னும்

பிரிட்டன் 1987-இலும் அமெரிக்கா 1988-இலும் சிறு படகுகளுக்குத் தடை விதித்தன. அமெரிக்கச் சட்டம் அலுமினியப் படகுகளுக்கு மட்டும் விலக்களித்தது. செம்புப் பூச்சு பட்டால் அலுமினியம் அரித்துவிடும். ‘அலாரம்’ கப்பலின் ஆணிகள் கற்றுத்தந்த பாடம் சட்டப் புத்தகம்வரை வந்துவிட்டது! பெரிய கப்பல்களை விட்டுவைத்ததற்குக் காரணம், அவை ஆழ்கடலில் ஓடுவதால் நஞ்சு நீர்த்துப்போகும் என்ற நம்பிக்கை. வடகடலில் கப்பல் தடங்களையொட்டி வாழும் நத்தைகளிலும் அதே கோளாறு 1990-களில் தெரிந்தபோது அந்த நம்பிக்கை தகர்ந்தது. எனக்குத் தோன்றுவது, முதல் தடை சிறு படகுகளோடு நின்றதற்கு அறிவியலோடு கப்பல் தொழிலின் பலமும் ஒரு காரணம் என்பதே. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் உடன்படிக்கை 2001-இல் உருவாகி, 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து, எல்லாக் கலங்களிலும் வெள்ளீயப் பூச்சை விலக்கியது.

படகுக்காரர் மறுபடி செம்புக்குத் திரும்பினார். செம்பை ஏய்க்கும் பாசிகளைத் தடுக்க அதனுடன் சிபியூட்ரின் என்னும் களைக்கொல்லியையும் கலந்தார்கள். அதுவும் ஒளிச்சேர்க்கையைத் தடுத்துக் கடற்பாசிகளையும் கடற்புற்களையும் வருத்துவது தெரியவர, 2023 ஜனவரி முதல் அதுவும் தடைப்பட்டியலில் சேர்ந்தது. செம்பும் தப்பவில்லை. கலிபோர்னியாவின் சான்டியேகோவில், உல்லாசப் படகுகள் நிறைந்த ஒரு துறையின் நீரில் செம்பு அளவுமீறியிருப்பதால் அதனைக் குறைக்க வேண்டும் என்று 2005-இல் அதிகாரிகள் உத்தரவிட்டனர். நஞ்சில்லாத சிலிக்கோன் பூச்சுகள் வந்துள்ளன. அவற்றில் கொட்டலசு இறுகப் பற்ற முடியாது, படகு வேகமாக ஓடும்போது வழுக்கி விழுந்துவிடும். வாரக்கணக்கில் துறையில் கட்டிக்கிடக்கும் குடும்பப் படகுக்கோ ஓட்டமே குறைவு. எனவே அத்துறைகளில் முக்குளிப்பவர்கள் படகின் அடியில் மூழ்கி, மென்மையான துணியால் துடைத்துவிட்டு வருகிறார்கள். பூச்சு செம்புப் பூச்சாயின், துடைக்கும்போதும் சிறிது செம்பு நீரில் கலக்கத்தான் செய்கிறது.