பாட்டுப் பெட்டி வைத்த படகு!

உங்களிடம் சொந்தமாக ஓர் உல்லாசப் படகு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (வைத்துக்கொள்வதற்குக் காசா, பணமா?!) ஞாயிற்றுக்கிழமை. நண்பர்கள் கூட்டம். கரை கண்ணுக்கு மறைந்துவிட்டது. எல்லாம் சரி, பாட்டு? படகோடு வந்த பழைய ஸ்டீரியோ கரகரக்கிறது. 'தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு மாட்டிட வேண்டியதுதான்' என்று கிளம்புகிறீர்கள். அப்போதுதான் தெரியும், காரில் ஸ்டீரியோ மாட்டுவதும் படகில் மாட்டுவதும் ஒன்றில்லை என்று!

முதல் எதிரி, உப்புக் காற்று. சாதாரண ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஈரத்தில் ஊறிக் கிழியும். ஒயர் முனைகள் பச்சை பூத்துவிடும். அடுத்தது பேட்டரி. பெரிய ஆம்ப்ளிஃபயராக வாங்கிப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டிய அதே பேட்டரியில் நாள் பூரா பாட்டுக் கேட்டால், சாயந்திரம் நடுக்கடலில் பாட்டும் இருக்காது, எஞ்சினும் கிளம்பாது. மூன்றாவதுதான் விவகாரமானது. ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது இல்லையா? அதைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் மாட்டித் தொலைத்தால், முள் வடக்கை மறந்துவிட்டுப் பாட்டுப் பக்கம் திரும்பிக்கொள்ளும்!

இத்தனை தொல்லைக்கு நடுவிலும் தன் உல்லாசப் படகின் ரேடியோ சாமான்களைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓட்டிய ஒரு பணக்காரர் இருந்தார். 'பணம் இருக்கு, ஆடறார்' என்றுதான் வெளியிலிருந்து பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால், அந்தப் படகில் வைத்துத்தான் தன் வாழ்நாள் நம்பிக்கை ஒன்று தப்பு என்பதை அவர் கண்டுபிடித்தார். அவர் பெயர் கூலியெல்மோ மார்க்கோனி.

ஆமாம், பள்ளிக்கூடப் புத்தகத்தில் வருவாரே, அதே மார்க்கோனி! 1901 டிசம்பர் 12-ம் தேதி, இங்கிலாந்தின் போல்டு என்ற ஊரிலிருந்து கிளம்பிய 'எஸ்' என்கிற ஒற்றை எழுத்தை (மூன்று புள்ளிகள், அவ்வளவுதான்) அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு பட்டத்தைப் பறக்கவிட்டு, அதில் கட்டிய கம்பி மூலம் கேட்டதாக அறிவித்தவர். 1909-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். (கல்கத்தாவில் நம் ஜகதீஷ் சந்திர போஸ் இவருக்கு முன்பே மின்காந்த அலைகளை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்தார் என்பது தனிக் கதை. அதை இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாம்.)

அந்த 1901 வெற்றிக்கு இரண்டே மாதத்தில் மார்க்கோனிக்கு ஒரு அடி விழுந்தது. 1902 பிப்ரவரியில் 'ஃபிலடெல்ஃபியா' என்ற பயணிகள் கப்பலில் அமெரிக்கா போகும்போது, வழி நெடுக போல்டுவின் சிக்னலைக் கேட்டுக்கொண்டே போனார். ராத்திரியில் 2,099 மைல் தூரம் வரை வந்த சிக்னல், பகலில் 700 மைலைத் தாண்டவே அழுதது! ஏன்? அவருக்கே புரியவில்லை. சூரியன் வந்தால் ரேடியோ படுத்துக்கொள்கிறது. தந்தி கம்பெனி நடத்துகிறவர், 'சார், ராத்திரி மட்டும்தான் தந்தி கொடுக்கலாம்' என்று போர்டு மாட்ட முடியுமா?

மார்க்கோனி கண்டுபிடித்த வழி: அலையை நீளமாக்கு. நீளம் கூடக் கூட, பகலிலும் சிக்னல் ஓரளவு தாக்குப்பிடித்தது. சரி, இன்னும் நீளம். இன்னும் சக்தி. பல ஆயிரம் மீட்டர் அலை நீளம், வானத்தைத் தொடும் கோபுரங்கள், கிலோமீட்டர் கணக்கில் கம்பி, ஒரு ஊருக்கே விளக்கேற்றக்கூடிய மின்சாரம்... ஒரு ரேடியோ நிலையம் கட்டுவது கோயில் கட்டுவது மாதிரி ஆகிவிட்டது. உலகமே அவர் பின்னால் போனது. குட்டி அலைகள் எதற்கும் லாயக்கில்லை என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். எந்த அளவுக்கு என்றால், 1912-ல் அமெரிக்க அரசாங்கம் 200 மீட்டருக்குக் கீழே உள்ள அலைகளை எல்லாம் பொழுதுபோக்குக்காக ரேடியோ வைத்திருக்கும் பையன்களிடம் தள்ளிவிட்டது. 'அங்கே போய் விளையாடுங்கடா!'

இந்தச் சமயத்தில் படகுக்கு வருவோம்.

1904-ல் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில், ஆஸ்திரிய அரச குடும்பத்துச் சீமாட்டி மரியா தெரசாவுக்காகக் கட்டப்பட்ட நீராவி உல்லாசக் கப்பல் அது. நீளம் 67 மீட்டர். அப்போதைய பெயர் 'ரோவென்ஸ்கா'. முதல் உலகப்போர் வந்ததும் பிரிட்டிஷ் கடற்படையில் வேலை பார்த்தது. போர் முடிந்து சும்மா நின்ற அதை 1919-ல் மார்க்கோனி வாங்கினார். பெயரை 'எலெட்ரா' என்று மாற்றினார்.

'எலெக்ட்ரிசிட்டி' என்ற சொல்லின் வாசனை அடிக்கிறது இல்லையா? அடிக்கட்டும், அதற்குத்தானே வைத்தார்!

படகில் முதலில் நடந்த வேலை, கருவிகளை மாட்டியதுதான். அதுவரை கப்பல்களில் இருந்த பழைய 'ஸ்பார்க்' கருவிகள் பட்பட்டென்று பொறி பறக்கவிட்டு, கட்டு-கடா கட்டு-கடா என்று தந்தி மட்டும்தான் அனுப்பும். மனிதக் குரல் அதில் ஏறாது. எலெட்ராவில் வால்வுக் கருவிகள் வந்தன. வால்வு என்றால், தாத்தா வீட்டு ரேடியோவின் பின்பக்க அட்டையைக் கழற்றினால் உள்ளே மஞ்சளாக எரியுமே, அந்தக் கண்ணாடிக் குடுவை. அதில் குரலும் ஏறும், பாட்டும் ஏறும்.

ஏறியது. 1920 ஜூன் 15-ம் தேதி, இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டில் மார்க்கோனி கம்பெனியின் தொழிற்சாலையில் நின்று, அந்தக் காலத்து சூப்பர் ஸ்டார் பாடகி நெல்லி மெல்பா பாடினார். ஐரோப்பா முழுக்கக் கேட்டார்கள். அதே காலத்தில், எலெட்ராவின் விருந்தாளிகள் கடலுக்கு நடுவே, காற்றில் வந்த இசைக்கு நடனமாடினார்கள். இன்று நீங்கள் ஸ்டீரியோ மாட்டப் போராடுகிறீர்களே, அந்த வம்சத்தின் கொள்ளுத் தாத்தா அதுதான். கிராமஃபோன் இல்லை, வாத்தியக்காரர்கள் இல்லை, கரையிலிருந்து பாட்டு வருகிறது! (அதே 1920 முடிவதற்குள் பிரிட்டிஷ் அதிகாரிகள், 'முக்கியமான தந்திகளுக்கு இடைஞ்சலா இருக்கு' என்று செம்ஸ்ஃபோர்டின் பாட்டுக் கச்சேரியை நிறுத்திவிட்டார்கள். அதிகாரிகள் எந்த ஊரிலும் அதிகாரிகள்தான்.)

படகு அரசியலிலும் கால் வைத்தது. 1920 செப்டம்பரில், ஃபியூமே நகரத்தைத் தன் ஆட்களோடு பிடித்து வைத்துக்கொண்டிருந்த இத்தாலியக் கவிஞர் டனூன்ஸியோவைப் பார்க்கப் போனார் மார்க்கோனி. கவிஞர் சும்மா இருப்பாரா? எலெட்ராவின் ரேடியோ வழியாகவே உலகத்துக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டார்!

இனிதான் முக்கியமான கட்டம்.

போர்க் காலத்தில், 1916-லேயே, இத்தாலியக் கடற்படைக்காகக் குட்டி அலைகளை மறுபடி கையில் எடுத்திருந்தார் மார்க்கோனி. அவருடைய கம்பெனி என்ஜினீயர் சார்லஸ் ஃபிராங்க்ளின் அதில் ஊறிப்போனவர். 'எல்லோரும் வேண்டாமென்று எறிந்த அலையை ஒரு தடவை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தால் என்ன?' என்று இருவருக்கும் தோன்றியது. இங்கேதான் உல்லாசப் படகின் உபயோகம் தெரிகிறது. ஒரு சிக்னல் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க வேண்டுமானால், நூறு ஊரில் நூறு நிலையம் கட்ட வேண்டும். அல்லது, கேட்கும் காதை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மார்க்கோனியின் காது, மிதக்கும் காது!

1923 வசந்தத்தில் போல்டுவில் உட்கார்ந்து ஃபிராங்க்ளின் 97 மீட்டர் அலையில் அனுப்ப, எலெட்ரா தெற்கே ஆப்பிரிக்கக் கடற்கரையை ஒட்டிக் கிளம்பியது. ஸ்பெயின் தாண்டியது. மொராக்கோ தாண்டியது. கேப் வெர்டே தீவுகளே வந்துவிட்டன, 4,000 கிலோமீட்டருக்கும் மேல். ராத்திரி சிக்னல் செத்துப்போகும் என்று பார்த்தால், காது கிழிகிறது! 'சக்தியைக் குறை' என்று மார்க்கோனி சொல்லச் சொல்ல, 12 கிலோவாட்டிலிருந்து ஒரு கிலோவாட்டுக்கு இறக்கினார்கள். அப்போதும் கேட்டது.

ஒரு நிமிடம் அந்த மனிதரின் இடத்தில் இருந்து பாருங்கள். வயது 49. இருபது வருஷமாக உலகத்துக்கு 'பெரிய அலை, பெரிய நிலையம்' என்று உபதேசம் செய்தவர். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் பூராவும் அப்படிப்பட்ட ராட்சச நிலையங்களைச் சங்கிலியாகக் கட்டுவது பற்றி அரசாங்கமும் அவர் கம்பெனியும் வருஷக்கணக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில், குட்டி அலையில், பிசாத்து மின்சாரத்தில் சிக்னல் வருகிறது. வாயை மூடிக்கொண்டு கரைக்குத் திரும்பியிருக்கலாம்.

மார்க்கோனி அப்படிச் செய்யவில்லை. அடுத்த வருஷமும் கிளம்பினார். மிச்சமிருந்தது பழைய எதிரி, அந்தப் பகல் வெளிச்சம். 97 மீட்டரில் ராத்திரி அமர்க்களம். சூரியன் ஏற ஏற சிக்னல் மங்கியது. பழைய மார்க்கோனியாக இருந்தால் அலையை நீட்டியிருப்பார். இப்போது குறைத்தார். 60 மீட்டர், 47 மீட்டர், கடைசியில் 32 மீட்டர். குறையக் குறைய, பகலில் தூரம் கூடியது! 1924 செப்டம்பரில் எலெட்ரா பெய்ரூட் துறைமுகத்தில் நின்றது. உச்சி வெயில். போல்டுவிலிருந்து 3,500 கிலோமீட்டருக்கும் மேல். நாள் முழுக்க சிக்னல் வந்துகொண்டே இருந்தது. 1902-ல் 'ஃபிலடெல்ஃபியா' கப்பலில் தோற்ற இடத்தில், 22 வருஷம் கழித்து ஜெயித்தார்... தன்னுடைய பழைய கொள்கையை நேர் தலைகீழாகத் திருப்பிப் போட்டு!

காரணம் இப்போது நமக்குத் தெரியும். உயரே வளிமண்டலத்தில் மின்னேற்றம் பெற்ற அடுக்குகள் இருக்கின்றன. மேல் அடுக்கு குட்டி அலைகளைக் கண்ணாடி மாதிரி பூமிக்குத் திருப்பி அனுப்பும். பகலில் சூரியன் கீழே இன்னொரு அடுக்கை உண்டாக்குகிறது. அது நடுத்தர அலைகளை விழுங்கிவிடும். நன்றாகச் சிறுத்த அலை அதை ஊடுருவித் தப்பித்துவிடும். சிற்றலை ரேடியோ கேட்ட தலைமுறைக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பகலில் ஒரு மீட்டர், ராத்திரியில் வேறு மீட்டர் என்று முள்ளைத் திருகிக்கொண்டு, பி.பி.சி. தமிழோசைக்காக டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக் காத்திருந்தவர்கள் அல்லவா நாம்?

இதில் பொழுதுபோக்கு ரேடியோப் பையன்களுக்கும் பங்கு கொடுத்தே ஆக வேண்டும். 1923 நவம்பரில் ஒரு ஃபிரெஞ்சுக்காரரும் ஒரு அமெரிக்கரும், வீட்டில் வைத்திருந்த கருவிகளால், கிட்டத்தட்ட 100 மீட்டர் அலையில், அட்லாண்டிக்கின் இரு கரையிலிருந்தும் பேசிக்கொண்டார்கள். 'லாயக்கில்லாத அலை' கொடுத்து ஓரம்கட்டப்பட்ட கூட்டம்! பெருமை முழுவதும் மார்க்கோனிக்குப் போனது கொஞ்சம் அநியாயம்தான்.

பிறகு எல்லாம் வேகம். 1924 ஜூலையிலேயே பிரிட்டிஷ் தபால் துறையோடு ஒப்பந்தம் ஆகியிருந்தது. ராட்சச நிலையங்கள் வேண்டாம், குட்டி அலையை ஒரு பக்கமாகக் குவித்து அனுப்பும் 'பீம்' நிலையங்கள் போதும். 1926-ல் கனடா, 1927-ல் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா. அதே 1927-ல் இந்தியா! புனாவுக்குப் பக்கத்தில் கிர்க்கியிலிருந்து அனுப்பி, தோண்டில் வாங்கினார்கள். கடலுக்கடியில் கேபிள் போட்டுக் கொழித்திருந்த கம்பெனிகள் ஆடிப்போய், 1929-ல் ரேடியோக்காரர்களோடு ஒரே நிறுவனமாக இணைய வேண்டியதாயிற்று. நெட்டலைதான் வழி என்று எல்லோரையும் தன் பின்னால் இழுத்து வந்தது தன் தவறு என்று மார்க்கோனி பிற்பாடு பகிரங்கமாகவே ஒப்புக்கொண்டார்.

படகில் சாமான் மாற்றும் வேலை மட்டும் நிற்கவில்லை. 1930 மார்ச் 26-ம் தேதி ஜெனோவா துறைமுகத்தில் எலெட்ராவில் உட்கார்ந்து ஒரு விசையை அழுத்தினார். ஆஸ்திரேலியாவில் சிட்னி டவுன்ஹாலில் ஆயிரக்கணக்கான விளக்குகள் எரிந்தன. 1934 ஜூலையில் செஸ்ட்ரி லெவான்தே அருகே, மாலுமி அறையின் ஜன்னல்களை எல்லாம் துணியால் மூடிவிட்டு, கரையிலிருந்து வந்த மைக்ரோ அலையை மட்டும் நம்பி, இரண்டு மிதவைகளுக்கு நடுவே கப்பலைச் செலுத்திக் காட்டினார்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத பக்கமும் இருக்கிறது. 1923-ல் ஃபாசிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்; முசோலினி கொடுத்த பதவிகளை வேண்டாமென்று சொல்லவில்லை. அலையில் தப்பை ஒப்புக்கொண்ட மனிதர், இதில் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் மனைவி பியாட்ரிஸோடு உறவு முறிந்து, 1927-ல் மரியா கிறிஸ்டினாவை மணந்தார். 1930 ஜூலை 20-ம் தேதி ஒரு பெண் குழந்தை பிறந்தது. என்ன பெயர் வைத்தார் என்று நினைக்கிறீர்கள்? எலெட்ரா! குழந்தையின் ஏழாவது பிறந்த நாளன்று, 1937 ஜூலை 20-ல், ரோமில் இதயம் நின்று இறந்துபோனார் மார்க்கோனி.

படகை இத்தாலிய அரசாங்கம் வாங்கிக்கொண்டது. போர் வந்தது. 1943-ல் டிரியெஸ்தே துறைமுகத்தில் நின்றிருந்த அதை ஜெர்மானியர்கள் கைப்பற்றினார்கள். நல்லவேளை, அதற்குள் உள்ளே இருந்த ரேடியோ கருவிகளைக் கழற்றி ஒளித்து வைத்துவிட்டார்கள் சிலர். பீரங்கி மாட்டிய எலெட்ரா, 1944 ஜனவரியில், பின்னாளில் யுகோஸ்லாவியாவுக்குப் போன கரையோரம், ஸாதர் பக்கத்தில் நேச நாட்டு விமானங்களின் குண்டு பட்டுத் தரை தட்டியது. உப்புத் தண்ணீரில் அப்படியே கிடந்தது. 1962-ல் யுகோஸ்லாவியா அதைத் திருப்பிக் கொடுத்தது. பழுது பார்க்கலாமா என்று பதினைந்து வருஷம் யோசித்துவிட்டு, 1977-ல் துண்டு துண்டாக வெட்டினார்கள்.

துண்டுகள் பல ஊர்களுக்குப் போயின. ஃபூச்சினோ என்ற இடத்தில், விண்கோள்களோடு பேசும் மாபெரும் டிஷ் ஆன்டெனாக்களுக்கு நடுவில் ஒரு துண்டு இருக்கிறது. இன்னொரு துண்டு பொலோனியா அருகே, மார்க்கோனி 1895-ல் வாலிபனாகத் தன் முதல் சோதனைகளைச் செய்த வீட்டின் தோட்டத்தில். அவருடைய சமாதியும் அங்கேதான்.